மகன் கப்பல் சண்டை புக்கா படிக்கிறான்னு பயப்படுற அக்காவுக்கு

அக்கா, நேத்து ஹட்டன் பஸ் ஸ்டாண்ட்ல வச்சு நீங்க கேட்டது தலைக்குள்ளயே நிக்குது, ஏ.எல் பரீட்சைக்கு ஒரு வருஷங்கூட இல்ல, புள்ள பாட புக்க மூடிட்டு நேவி புக்கா படிச்சிக்கிட்டு கெடக்குறான்னு. படிக்கட்டும் விடுங்க, எத படிக்கிறதுன்னு மட்டும் பாப்போம்.

பீரங்கி எத்தன இஞ்ச், கப்பல் எத்தன டன்னு மனப்பாடம் பண்ணி பிரயோசனம் இல்ல. மேல உள்ளவரு பிழையா ஓடர் போட்டா கீழ உள்ளவரு என்னா செஞ்சாரு, அதான் விஷயம். அதுக்கு அன்ட்ரூ கோர்டன் எழுதின 'த ரூல்ஸ் ஒஃப் த கேம்' இருக்கு. 1916ல பிரிட்டிஷ் நேவியும் ஜேர்மன் நேவியும் மோதின ஜட்லண்ட் சண்டைய பத்தினது, ஆனா நடுவுல கதைய நிப்பாட்டிட்டு பழைய காலத்துக்கு போயிருவாரு. 1893 ஜூன்ல, லெபனான் திரிப்போலி பக்கம், ரெண்டு வரிசையா போற கப்பல்கள உள்பக்கமா திரும்ப சொல்றாரு பிரிட்டிஷ் அட்மிரல் ட்ரையன், எடைவெளி பத்தாதுன்னு அடுத்த வரிசைய நடத்தின மார்க்கமுக்கு தெரியுது, தயங்குறாரு, எதுக்கு காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு சிக்னல் வந்ததும் திருப்பிட்டாரு. மார்க்கமோட கப்பல் இடிச்சு, ட்ரையன் இருந்த விக்டோரியா கப்பல் மூழ்கி ட்ரையனோட சேத்து 358 பேர் போயிட்டாங்க. வேடிக்க என்னான்னா, சிக்னல பாத்துக்கிட்டு நிக்காம சொந்த புத்தியில நடங்கன்னு பழக்க பாத்தவரே இந்த ட்ரையன்தான்!

நமக்கென்னா இது புதுசா அக்கா, தோட்டத்துல தொர சொன்னா கணக்கப்புள்ள வாய தொறக்க மாட்டாரு, கணக்கப்புள்ள சொன்னா கங்காணி தொறக்க மாட்டாரு. லயத்துல வளந்த புள்ளைக்கு இந்த புக்கு கொழும்பு புள்ளைங்கள விட சீக்கிரமா வெளங்கும்.

அதுக்கு பொறகு திருகோணமலை பக்கம் 1782 செப்டம்பர் 3 நடந்த சண்டைய தேடி படிக்க சொல்லுங்க. பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் பிரிட்டிஷ் கப்பல்கள நோக்கி முன்னுக்கு போயி அடி வாங்குறாரு, அவரோட கப்டன்மார் பல பேர் கிட்டயே வரல. நம்ம நேவி அகடமி இருக்கிறதும் அதே ஊர்லதான்.

நேவிக்கு கடெட் ஒஃபிஸரா போறதுன்னா ஏ.எல் பாஸ் பண்ணியே ஆகணும், அதுல பேச்சே இல்ல. அதனால பகல்ல பாடம், ராத்திரி பத்து பக்கம், படிச்சத உங்களுக்கு தமிழ்ல சொல்லணும். இங்கிலிஸும் வந்துரும். நேவி சரி வரலன்னா பேராதெனி கம்பஸ்ல ஹிஸ்ட்ரி செய்யலாம். கண்ண மட்டும் இப்பவே ஒருக்கா செக் பண்ணிருங்க, கலர் பார்வையும் சேத்து.