பத்துமலைப் படத்தில் வெளுத்த வானம்

கேள்வி: பினாங்கிலிருந்து குடும்பத்தோடு பத்துமலைக்குப் போயிருந்தோம். முருகன் சிலை முன்னால் எடுத்த படத்தில் வானம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் நீல வானம் வைத்தேன், ஒட்டவே இல்லை. ஏன்?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் காலடியைப் பாருங்கள். யாருக்குமே நிழல் விழவில்லை. அம்மாவின் தாடைக்குக் கீழே மட்டும் லேசான கருமை. இது மேகம் மூடிய வெளிச்சம். இதற்கு மேலே பளீரென்ற நீலத்தை வைத்தால் கண் நம்பாது. மெல்லிய மேகத்துக்கு நடுவே அங்கங்கே நீலம் எட்டிப் பார்க்கும் வானம்தான் இதற்குப் பொருந்தும்.

இன்னொன்று, கோணம். 42.7 மீட்டர் உயரச் சிலை. கேமராவை அண்ணாந்து பிடித்துத்தான் எடுத்திருக்கிறீர்கள். கடற்கரையில் நேராகப் பார்த்து எடுத்த வானம் இங்கே சேராது. அதையும் அண்ணாந்து எடுத்திருக்க வேண்டும்.

சரி, இனி வேலை. 'எடிட்' மெனுவில் 'ஸ்கை ரீப்ளேஸ்மென்ட்' இருக்கிறது (2020 கடைசியில் வந்த வசதி, அதற்கு முந்தைய பதிப்புகளில் கிடையாது). உங்கள் வானத்தைச் சேர்த்து, முடிவை 'நியூ லேயர்ஸ்' (படத்தின் மேல் தனித்தனி அடுக்குகள்) என்று வாங்குங்கள். பிறகு எதையும் திருத்தலாம்.

சிக்கல் பாறை உச்சியில் இருக்கும் மரங்களில்தான் வரும். இலைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தங்கிவிடும். வானத்தின் ஓரத்தை நகர்த்தும் 'ஷிஃப்ட் எட்ஜ்' அளவை மாற்றியும் போகவில்லையா? 'ஸ்கை ரீப்ளேஸ்மென்ட்' வசதியையே விட்டுவிடுங்கள். மூலப் படத்தின் மேல் வானத்தைத் தனி லேயராக வைத்து, 'மல்டிப்ளை' முறைக்கு மாற்றுங்கள். வெள்ளை இருந்த இடத்தில் புது வானம் அப்படியே தெரியும். கரும் இலையும் தலைமுடியும் கருமையாகவே நிற்கும். அப்புறம் மனிதர்கள், சிலை, படிகள் மேல் படிந்த வானத்தை மட்டும் மாஸ்க் (லேயரில் வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) போட்டு மறைத்தால் போதும். வானம் வெள்ளையாக இருப்பதால்தான் இந்த வழி இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது.

சிலையின் தங்கப் பூச்சு வானத்தின் நிறத்தை வாங்கிக் காட்டும். அதனால் தோளிலும் கிரீடத்திலும் துளி நீலம் சேருங்கள். கூடினால் தங்கம் மங்கிவிடும்.

புகைமூட்ட நாளில் எடுத்த படமென்றால் நான் வானத்தைத் தொடவே மாட்டேன். தூரத்துக் கட்டடங்கள் மங்கி நிற்கும்போது தெளிந்த வானம் பொய்யாகத் தெரியும்.

இணையத்து வானத்தைவிட நம் ஊர் வானம் நன்றாக ஒட்டும். மழை விட்ட மறுநாள் காலையில் வீட்டு வாசலிலிருந்தே கைப்பேசியில் சில படங்கள் எடுத்து வையுங்கள். சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.