தானாக உருவாகும் நிரற்கோப்பில் மேர்ஜ் கொன்ஃபிளிக்ட் வந்தால் கையால் தீர்க்கலாமா?

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் இரண்டு கிளைகளை (தனித்தனியாகச் செய்த மாற்றங்களை) இணைக்கும்போது, தரவின் அமைப்பை விவரிக்கும் மூலக் கோப்பிலிருந்து நிரலை எழுதும் கருவியான புரோட்டோபஃப் உருவாக்கித் தந்த கோப்பில் நூற்றுக்கணக்கான இடங்களில் முரண்பாட்டுக் குறிகள் விழுகின்றன, அவற்றை எப்படித் தீர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தீர்க்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தக் கோப்பை எழுதியது ஒரு கருவி. நீங்கள் கையால் ஒட்டவைக்கும் வடிவத்தை அந்தக் கருவியே எழுதியிருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மூலக் கோப்பை மட்டும் கவனமாக இணையுங்கள். உருவான கோப்பை ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு, கருவியை மறுபடி ஓட்டி, வருவதைக் கொமிட் செய்யுங்கள் (கிட்டில் பதியுங்கள்).

கவனம் முழுவதும் மூலக் கோப்பில்தான் இருக்க வேண்டும். திருகோணமலையில் நாங்கள் சிலர் சேர்ந்து, கொட்பே துறைமுகத்துக்கு வரும் படகுகளின் மீன்பிடி விவரங்களைப் பதியும் செயலி ஒன்றைச் செய்துவருகிறோம். ஒருவர் படகின் பதிவெண்ணையும் இன்னொருவர் ஏற்றிய ஐஸின் அளவையும் தனித்தனிக் கிளைகளில் சேர்த்தபோது, இருவருமே 7 என்ற புல எண்ணை (தரவில் ஒரு புலத்தை அடையாளம் காட்டும் எண்) கொடுத்திருந்தார்கள். அந்த வரிகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்ததால் கிட் மூலக் கோப்பை எந்த முறைப்பாடும் இல்லாமல் இணைத்துவிட்டது. உருவான கோப்பில் மட்டுமே முரண்பாடு தெரிந்தது. கருவியை மீண்டும் ஓட்டியதும், ஒரே எண் இருமுறை வந்திருப்பதைச் சொல்லி அது நின்றுவிட்டது. இப்படி நேர்ந்தால், ஏற்கெனவே பயனர்களிடம் போய்ச் சேர்ந்த புலம் தன் எண்ணை வைத்திருக்க வேண்டும். புதியதுதான் வேறு எண்ணுக்கு மாற வேண்டும். பழைய தரவை வாசிக்கும் வழி அந்த எண் ஒன்றே.

எந்தக் கோப்பை எப்படிக் கையாள வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் 'மேர்ஜ்=அவர்ஸ்' (நம் பக்கத்தையே வைத்துக்கொள்) என்று எழுதினால் தொல்லை தீரும் என்று பலர் சொல்வார்கள். நான் அதை விரும்புவதில்லை. அதற்கான டிரைவரை (இணைக்கும் முறையை) ஒவ்வொருவரும் தத்தம் கணினியில் தனியாக அமைக்க வேண்டும், ஏனென்றால் கிட் கொன்ஃபிக் (கிட்டின் அமைப்புகள்) குளோனோடு, அதாவது திட்டத்தை நகலெடுக்கும்போது, சேர்ந்து வராது. அமைத்துவிட்டாலோ முரண்பாடு சத்தமின்றி மறைந்து, மற்றவர் சேர்த்த புலம் இல்லாத பழைய கோப்பு அப்படியே தங்கிவிடும். அதைவிட, ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (மாற்றங்களை அனுப்பும் ஒவ்வொரு முறையும்) சேவையகத்தில் கோப்பை மீண்டும் உருவாக்கி, கொமிட்டில் உள்ளதோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மறுத்துவிடும் சோதனையே நம்பகமானது. குழுவில் எல்லோரிடமும் கருவியின் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். இல்லையேல் தேவையற்ற வேறுபாடுகளே நிறைந்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை நிறுவும் கருவியான என்பிஎம்மின் பேக்கேஜ்-லொக் கோப்பும் தானாக உருவாவதுதான், ஆனால் அதை அழித்துவிட்டு மீண்டும் உருவாக்காதீர்கள். எந்தப் பொதியின் எந்தப் பதிப்பு நிறுவப்பட்டது என்ற முழு விவரம், தேவையான பொதிகளைப் பட்டியலிடும் பேக்கேஜ்.ஜேசனில் கிடையாது, லொக் கோப்பில்தான் இருக்கிறது. முதலில் பேக்கேஜ்.ஜேசனில் உள்ள முரண்பாட்டைத் தீர்த்துவிட்டு, லொக் கோப்பில் முரண்பாட்டுக் குறிகள் இருந்தபடியே 'என்பிஎம் இன்ஸ்டோல்' கட்டளையைக் கொடுத்தால், 5.7 பதிப்பு முதல் என்பிஎம் தானே லொக் கோப்பை இணைத்துக்கொள்ளும்.