காதில் மருந்து விட நாய் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது? வீட்டில் எப்படி விடுவது?

காதுச் சொட்டு மருந்து என்பது அரிப்போ சீழோ இருக்கும் காதுக்குழாயின் உள்ளேயே போய்ச் சேர வேண்டிய மருந்து. பாட்டிலைக் கண்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிவது பிடிவாதத்தால் அல்ல. புண்ணான காது வலிக்கிறது. சில்லென்று சொட்டு விழுந்தால் திடுக்கிடுகிறது. அதனால் முதலில் பாட்டிலைச் சில நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் மடங்குகிறது, வாஷ்பேசினுக்கு அடியில் வளையும் குழாய் மாதிரி. மேலோட்டமாக விட்டால் மருந்து அந்த வளைவைத் தாண்டாது. நாயின் பின்புறம் சுவர் மூலையில் ஒட்டும்படி உட்கார வையுங்கள், பின்வாங்க இடமிருக்காது. காது மடலைத் தூக்கிப் பிடித்து, மருத்துவர் சொன்ன அளவு விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் மெல்லப் பிசையுங்கள். ‘சளக் சளக்’ என்று கேட்டால் இறங்குகிறது என்று அர்த்தம். முடித்த கையோடு ஒரு துண்டு அவித்த முட்டை.

நாய் தலையை உதறியதும் மருந்தெல்லாம் வீண் என்று பலர் மறுபடி ஊற்றுகிறார்கள். நன்றாகப் பிசைந்த பிறகு தெறிப்பது பெரும்பாலும் மிச்சமும் அழுக்கும்தான்.