ஹிட்ச்காக் ஏன் முன்பே சொல்லிவிடுகிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹிட்ச்காக்கை நீங்கள் அடிக்கடி குறிப்பிடுவதால் அவருடைய இரண்டு படங்களைப் பார்த்தேன். 'சைக்கோ' ரொம்பப் பிடித்தது. கடைசி வரை விஷயம் பிடிபடவே இல்லை. ஆனால் 'வெர்டிகோ'வில் ஏமாந்துபோனேன். படம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே அந்தப் பெண் யார் என்பதை ஒரு கடிதம் வழியாக நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது? மர்மப் படத்தில் இது ஓட்டை இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் ஓட்டை என்று சொல்லும் காட்சியால்தான் நான் வெர்டிகோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். (இரண்டு படங்களையும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதையை உடைக்காமல் இதற்குப் பதில் எழுத முடியாது.)

படத்தின் மூலம் 1954-இல் வந்த ஒரு பிரெஞ்சு நாவல். அதில் நீங்கள் விரும்புகிற மாதிரியே, நாயகன் காதலித்து இழந்த பெண்ணும் பிறகு அவன் சந்திக்கும் அதே ஜாடைப் பெண்ணும் ஒருத்திதான் என்பது கடைசியில்தான் தெரியவரும். ஹிட்ச்காக் அதை மாற்றினார். கூட இருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசும்போது இதற்கு அவர் சொன்ன உதாரணம், அம்மாவிடம் கதை கேட்கும் குழந்தை. அம்மா நிறுத்தினால் குழந்தை "அப்புறம்?" என்று கேட்கும் இல்லையா? ரகசியத்தை மறைத்து வைத்திருந்தால் நாம் "இவள் யார்?" என்று மட்டும் யோசித்துக்கொண்டிருப்போம். சொல்லிவிட்டதால், அவனுக்குத் தெரிந்தால் அப்புறம் என்ன ஆகும் என்று பதறுகிறோம்.

அந்தக் கடைசி அரை மணி நேரத்தை இன்னொரு முறை பாருங்கள். நாயகன் ஸ்காட்டி, அந்த ஜாடைப் பெண் ஜூடியைத் துணிக்கடைக்கு அழைத்துப்போய், செத்துப்போனதாக அவன் நம்பும் காதலி போட்டிருந்த அதே சாம்பல் நிற உடையைத் தேடுகிறான். ஜூடி மறுக்கிறாள். கடிதக் காட்சி இல்லையென்றால் நமக்கு அது ஒரு பெண்ணின் சாதாரணப் பிடிவாதம். இப்போதோ, அதைப் போட்டுக்கொண்டால் மாட்டிக்கொள்வாள், போடாவிட்டால் அவனை இழப்பாள் என்பது நமக்குத் தெரியும். அவள் ஆசைப்படுவதெல்லாம் அவன் தன்னை ஜூடியாகவே நேசிக்க வேண்டும் என்பதுதான். முடியின் நிறத்தை மாற்றிக்கொண்டு வந்தும் கொண்டையை மட்டும் போடாமல் வருகிறாள். அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் அவன் விடவில்லை. கொண்டை போட்டுக்கொண்டு, ஓட்டல் விளம்பரப் பலகையின் பச்சை வெளிச்சத்தில் அவள் நடந்து வரும்போது, செத்தவள் திரும்பி வந்துவிட்டாள் என்று அவன் பூரித்துப்போகிறான். நாமோ உயிரோடு ஒருத்தி அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவனும் பாவம், அவளும் பாவம். ரகசியத்தைக் காப்பாற்றியிருந்தால் இந்த வலியில் பாதிகூட நமக்குக் கிடைத்திருக்காது.

பார்வையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது அவருக்குப் பழைய பழக்கம். 1936-இல் எடுத்த 'சபோடாஜ்' படத்தில் ஒரு சிறுவன் தன் கையில் இருப்பது வெடிகுண்டு என்று தெரியாமல் லண்டன் பேருந்தில் போகிறான். ஒன்றே முக்கால் மணிக்கு வெடிக்கும் என்பது நமக்குத் தெரியும். குண்டு வெடித்தது, சிறுவன் செத்தான், ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவ்வளவு நேரம் பதற வைத்துவிட்டு அதை வெடிக்க விட்டது தவறு என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

சரி, சைக்கோவில் கடைசி வரை மறைத்தாரே என்பீர்கள். மறைத்தது ஒரே ஒரு விஷயத்தை. குளியலறைக் கொலை ஒரு நிமிடம்கூட ஓடாது, அதை எடுக்க ஒரு வாரம் ஆனது. அதைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்கு அதற்கு அடுத்து வருவதுதான் பெரிது. விடுதி நடத்தும் நார்மன் அறையைக் கழுவித் துடைத்து, பிணத்தோடு காரைச் சதுப்பில் தள்ளுகிறான். கார் பாதி மூழ்கி நின்றுவிடுகிறது. அந்த நொடியில் உங்களுக்கும் மூச்சு நின்றிருக்கும். கார் முழுகிவிட வேண்டுமே என்று நாமே ஆசைப்படுகிறோம். அங்கே நம்மிடம் எதையும் ஒளிக்கவில்லை, நம் கண் முன்னால்தான் எல்லாம் நடக்கிறது.

அடுத்து 'நொடோரியஸ்' பாருங்கள், 1946-இல் வந்தது. விருந்து நடக்கும் வீட்டில் மதுக்கிடங்கின் சாவியை மனைவி கணவனுக்குத் தெரியாமல் எடுத்துவிடுவாள். மேலே ஷாம்பெயின் தீர்ந்தால் அவன் கிடங்குக்கு வந்தாக வேண்டும். இன்னும் எத்தனை பாட்டில் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே பாருங்கள்.