டயோரமா (நிஜ இடத்த சின்னதா செஞ்சு வைக்கிற மாதிரி) ஸ்கேல் கணக்கு: கேட்டவங்களுக்கு பதில்

கேள்வி: அண்ணா, எங்க பழைய வீட்ட 1:87ல, அதாவது நிஜ அளவுல 87ல ஒரு பங்கா பண்றேன், எல்லாம் அடி இஞ்சுல அளந்து வச்சிருக்கேன், எப்படி மாத்தறது?

பதில்: எல்லாத்தையும் மொதல்ல மில்லிமீட்டருக்கு கொண்டு வாங்க தம்பி, அடிக்கு 304.8, இஞ்சுக்கு 25.4, அப்புறம் 87ஆல வகுத்தா முடிஞ்சுது. 7 அடி கதவுன்னா 2134, வகுத்தா 24.5 மிமீ. 1:87க்கு ஹெச்.ஓ ஸ்கேல்னு பேரு, அதுவே ஒரு அடிக்கு 3.5 மிமீன்னு வச்சு வந்ததுதான், அதனால அடிய நேரா 3.5ஆல பெருக்கினாலும் அதே விடை வரும். சுவர் தடிமன மட்டும் விட்டுடாதீங்க, 9 இஞ்ச் சுவர்னா 2.6 மிமீ வரணும், 1 மிமீ அட்டையில செஞ்சீங்கன்னா ஜன்னல் ஓரத்துல பாத்தாலே தெரிஞ்சிடும்.

கேள்வி: சார், இடம் கம்மி. 1:160க்கு போனா பாதி இடம் போதுமா?

பதில்: பாதி கூட வேணாம். ஒரு கிரவுண்ட் மனை, 40க்கு 60 அடி, 1:87ல 14க்கு 21 செமீ, அதாவது கிட்டத்தட்ட ஒரு ஏ5 தாள். 1:160ல 7.6க்கு 11.4தான். நீளம் பாதிக்கு பக்கமா குறையுது, ஆனா பரப்பு மூணுல ஒரு பங்குக்கும் கீழ போயிடும்.

கேள்வி: ஊட்டி ரயிலுக்கு கடையில கிடைக்கிற ஹெச்.ஓ டிராக் போடலாமா அண்ணா?

பதில்: போடாதீங்க ப்ளீஸ். அந்த டிராக்ல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இடைவெளி (அதுதான் கேஜ்) 16.5 மிமீ, 87ஆல பெருக்கினா 1435, அது ஐரோப்பா அமெரிக்காவோட ஸ்டாண்டர்ட் கேஜ். ஊட்டி லைன் மீட்டர் கேஜ், 1000ஐ 87ஆல வகுத்தா 11.5, அதனால ஹெச்.ஓ.எம்னு கேட்டு 12 மிமீ டிராக் வாங்குங்க, அரை மிமீ வித்தியாசம் கண்ணுக்கு தெரியாது. கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் நடுவுல பல் தண்டவாளம் உண்டு, அத விட்டா அது ஊட்டி லைனே இல்ல. மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் செஞ்சா ப்ராட்கேஜும் பக்கத்துலயே வரும், அது 1676, வகுத்தா 19.3 மிமீ, நிறைய பேர் அதுக்கு 16.5ஏ போட்டுடறாங்க, நிஜத்துல ரெண்டு கேஜுக்கும் 1.7 மடங்கு கிட்ட வித்தியாசம் இருக்கு, 16.5ம் 12ம் போட்டா 1.4க்கு கீழ வந்துடும், அந்த ஸ்டேஷனோட களையே போயிடும். கையால ஸ்லீப்பர் ஒட்டி 19.3ல போடுங்க, ரயில் ஓட்டாம நிறுத்தி மட்டும் வைக்கப்போறீங்கன்னா இதுல பெரிய கஷ்டம் இல்ல.

கேள்வி: வெறும் போட்டோதான் இருக்கு, அளவே இல்லயே?

பதில்: போட்டோவுல அளவு தெரிஞ்ச ஒண்ண புடிங்க, கதவு, செங்கல் வரிசை, தண்டவாள அகலம், ஏதாவது. ஆனா நீங்க அளக்கப்போற பொருளும் கேமராவுல இருந்து அதே தூரத்துல இருக்கணும். முன்னாடி நிக்கிற ஆள வச்சு பின்னாடி கோபுரத்த அளந்தா எல்லாம் தப்பாயிடும்.

கேள்வி: பீச் சீனுக்கு நிஜ மணலே போட்டேன், பாக்க ஏதோ பொருந்தல. ஏன்?

பதில்: அரை மிமீ மணல 87ஆல பெருக்குங்க, 4 செமீக்கு மேல வருது, அது ஜல்லி! தண்டவாளத்துக்கு கீழ போட அதுவே கரெக்ட், பீச்சுக்கு டைல்ஸ் கிரவுட் பவுடர சலிச்சு போடுங்க. மணல், தண்ணி, துணி இதெல்லாம் நம்ம ஸ்கேலுக்கு தானா சுருங்காது, நாமதான் மாத்து பொருள் தேடணும்.

கேள்வி: 1:72 பிளான 1:87க்கு பிரிண்ட் எடுக்க எத்தன பர்சன்ட்?

பதில்: 72ஐ 87ஆல வகுங்க, 82.8. ஃபிட் டு பேஜ் ஆஃப் பண்ணுங்க, பிளான்ல 100 மிமீ கோடு ஒண்ணு போட்டு வைங்க, பிரிண்டுல அது 82.8 இருந்தா ஓகே.

கேள்வி: பழைய பாம்பன் பாலம் முழுசா பண்ண முடியுமா?

பதில்: 2 கிமீக்கு மேல நீளம் மா, 1:87ல 23 மீட்டர் தாண்டும், வீட்டுக்குள்ள ஆகாது. நடுவுல கப்பலுக்கு தூக்குற பகுதிய முழு அளவுல பண்ணுங்க, ரெண்டு பக்கமும் நாலஞ்சு ஸ்பேன் (ரெண்டு தூணுக்கு நடுவுல உள்ள பகுதி) போதும். எண்ணிக்கைய எவ்ளோ வேணா குறைங்க, ஆனா ஒரு ஸ்பேனோட நீளத்துலயோ தூண் உயரத்துலயோ கை வைக்காதீங்க, மேல ரயில நிறுத்தின உடனே பாலம் பொம்மையா தெரிய ஆரம்பிச்சிடும்.