'ரிவர்ட் பேக்': வெட்ட வேண்டியது எது?

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் 'ஐ வில் ரிவர்ட் பேக்' என்று எழுதினால், 'பேக்' மிகை என்று மேலாளர் அடித்துவிடுகிறார். 'ஃப்ரீ கிஃப்ட்', 'பின் நம்பர்' என்று ஊரே சொல்கிறதே, அவையும் தவறா?

பதில்: மேலாளர் அடித்தது சரி. 'ரிவர்ட்' என்பதற்குள்ளேயே 'திரும்ப' அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தில் பெரிய சிக்கல் 'ரிவர்ட்'தான். பதில் அனுப்புவதற்கு அச்சொல்லைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தியாவிலும் தாராளமாகப் புழங்குகிறோம். அமெரிக்க வாடிக்கையாளருக்கோ 'பழைய நிலைக்குத் திரும்புவேன்' என்று படக்கூடும். 'ஐ வில் ரிப்ளை பை ஃப்ரைடே' என்று நாளையும் சேர்த்து எழுதுங்கள். 'ரிப்ளை பேக்' வேண்டாம்.

மற்றவற்றில், சந்தேகமான சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் குறையாவிட்டால் அது மிகை. 'ரிட்டர்ன் பேக்', 'ஃப்ரீ கிஃப்ட்' இரண்டும் இதில் மாட்டும். 'ஃபைனல் டெட்லைன்' மாட்டாது: கெடுவை ஒருமுறை நீட்டித்த பிறகு அனுப்பும் மின்னஞ்சலில், இனி நீட்டிப்பு இல்லை என்பதை அந்த 'ஃபைனல்'தான் சொல்கிறது.

சுருக்கப்பெயர் என்றால் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'பின்' என்பதில் நம்பரும், 'ஜிஎஸ்டி'யில் டாக்ஸும், சிங்கப்பூர் அடையாள அட்டையான 'என்ஆர்ஐசி'யில் கார்டும் ஏற்கெனவே உண்டு. ஆகவே 'என்ஆர்ஐசி கார்டு' மிகை, 'என்ஆர்ஐசி நம்பர்' சரி. சிங்கப்பூரின் மத்திய சேமநிதிக் கழகத்தை 'சிபிஎஃப் போர்டு' என்பதிலும் குறையில்லை. கடைசி எழுத்து ஃபண்டைக் குறிக்கிறது. பேச்சில் மட்டும் 'பின் நம்பர்' இருந்துவிட்டுப் போகட்டும், வெறும் 'பின்' என்றால் குண்டூசியா என்று கேட்பார்கள்.

சொல் மிகுந்தாலே குற்றம் என்று நம் இலக்கணமும் சொல்வதில்லை. 'மீமிசை', 'உயர்ந்தோங்கிய' போன்று ஒரே பொருள் தரும் சொற்கள் சேர்ந்து வருவதை ஒருபொருட்பன்மொழி என்று நன்னூல் ஏற்கிறது. ஆங்கிலச் சட்ட நடையிலும் இந்த இரட்டிப்பு உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சும் லத்தீனும் அங்கே சட்டமொழிகளாயின. உயிலைக் குறிக்கும் 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்பதில் முன்னது பழைய ஆங்கிலம், பின்னது லத்தீன் வழி வந்தது. வாடகை ஒப்பந்தத்தில் 'நல் அண்ட் வாய்ட்' (செல்லாதது) இருந்தால் நீங்களாகக் கைவைக்காதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், நம்மவர்கள் அதிகம் இடறுவது அங்கேதான். 'சம்பளத்தைப் பற்றி விவாதிப்போம்' என்று தமிழில் நினைத்துக்கொண்டு 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிடுகிறோம். இது மிகை மட்டுமல்ல, இலக்கணப் பிழை. 'டிஸ்கஸ்' செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும் வினை: 'டிஸ்கஸ் த சாலரி'. 'எம்ஃபசைஸ் ஆன்' என்பதும் அதே பிழை. பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் இடைச்சொல் தேவைப்படும்: 'எ டிஸ்கஷன் அபவுட் சாலரி', 'அன் எம்ஃபசிஸ் ஆன் சேஃப்டி'.