1625 பிழை: ஃபைலில் கோளாறு இல்லைங்க

திருப்பூர் பனியன் கம்பெனி கணினியில் பேட்டர்ன் சாஃப்ட்வேர் ஏற்றினால் 1625 பிழை வருகிறது, மூன்று தடவை டவுன்லோட் செய்தும் அதேதான் என்கிறீர்கள். ஃபைலில் கோளாறு இல்லைங்க, சிஸ்டம் பாலிசி, அதாவது கணினியில் எதை ஏற்றலாம் என்று நிர்வாகி போட்ட விதி, தடுக்கிறது என்பதுதான் அந்த எண்ணுக்கே அர்த்தம். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசிஸுக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், இன்ஸ்டாலர் என்று போய் டிசேபிள்எம்எஸ்ஐ மதிப்பைப் பாருங்கள்: 1 இருந்தால் அட்மின் உரிமையோடு ஏற்ற வழியுண்டு, 2 இருந்தால் எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர் ஃபைல்) எதுவுமே ஏறாது. பார்த்தால் போதும், மாற்ற வேண்டாம். கம்பெனி நெட்வொர்க் முழுக்கப் போட்ட டொமைன் பாலிசி மறுபடி அமலானால் பழைய மதிப்பே வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஐடி ஆளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும். அதைவிட, கணினியில் அமலாகும் பாலிசிகளைக் காட்டும் ஜிபிரிசல்ட் (gpresult) கமாண்டில் ரிப்போர்ட் ஒன்று எடுத்து, சாஃப்ட்வேர் பெயர், வெர்ஷனோடு அவருக்கே அனுப்பிவிடுங்க, எந்தப் பாலிசி எங்கிருந்து வருகிறதென்று அதிலேயே தெரியும்.